ஒரே ஒரு பிரிட்டிஷ் நடிகையின் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றால் யாரைச் சொல்வீர்கள், ஏன்?

கிளெண்டா ஜாக்சன். யோசிக்காமல் சொல்வேன்.

மேகி ஸ்மித், ஜூடி டென்ச் போன்றவர்களை ஹாரி பாட்டர், ஜேம்ஸ் பாண்ட் படங்கள் வழியாக நம்மில் பலருக்குத் தெரியும். கிளெண்டாவுக்கு அப்படி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த ஒரு படவரிசை அமையவில்லை. இரண்டு ஆஸ்கர் வாங்கிய கையோடு ஹாலிவுட்டில் குடியேறிவிடவும் இல்லை. 1992இல் நடிப்பை அப்படியே விட்டுவிட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனவர், 23 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். ஒரு தலைமுறை அவரைத் திரையில் பார்க்காமலே வளர்ந்துவிட்டது. எனக்கு அதில் நிஜமான ஆதங்கம் உண்டு.

அவர் நடிப்பில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்: பார்ப்பவருக்குத் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்கிற கவலை அவரிடம் துளியும் கிடையாது. பெரிய நடிகைகள்கூட, கொடூரமான பாத்திரம் செய்யும்போது, எங்கேயாவது ஓரிடத்தில் கண்ணைக் கொஞ்சம் ஈரமாக்கி நம்மிடம் சலுகை கேட்டுவிடுவார்கள். கிளெண்டா கேட்கவே மாட்டார். அந்தப் பெண் இப்படித்தான், முடிந்தால் புரிந்துகொள் என்று விட்டுவிடுவார்.

இந்தத் துணிச்சலுக்கு அவர் வளர்ந்த விதமும் காரணம் என்று நினைக்கிறேன். 1936 மே 9 அன்று லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்கன்ஹெட்டில் பிறந்தார். அப்பா கொத்தனார். அம்மா வீடுகளைச் சுத்தம் செய்தும் கடைகளில் வேலை பார்த்தும் சம்பாதித்தவர். நான்கு பெண் பிள்ளைகளில் இவர் மூத்தவர். பள்ளியை 16 வயதில் முடித்துக்கொண்டு பூட்ஸ் மருந்துக் கடையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தார். பொழுதுபோக்காக உள்ளூர் நாடகக் குழுவில் சேர்ந்தவருக்கு, உதவித்தொகையோடு லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே படித்து முடித்தபோது, ‘நாற்பது வயதுக்கு முன்னால் உனக்கு அதிகம் வேலை வரும் என்று எதிர்பார்க்காதே’ என்கிற பொருளில் சொல்லி அனுப்பினார்களாம். அழகிக் கதாநாயகிக்கான முகம் இல்லை என்பது அதன் உள்ளர்த்தம். அடுத்த சில ஆண்டுகள் அந்த வார்த்தை பலித்துவிட்ட மாதிரிதான் போயின. ஊர் ஊராகச் சின்ன நாடகக் கம்பெனிகள், நடுவில் வேலையே இல்லாத மாதங்கள், வயிற்றுப்பாட்டுக்குக் கடை வேலை.

1964இல் இயக்குநர் பீட்டர் புரூக் கண்ணில் பட்டது திருப்பம். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக அவர் இயக்கிய மரா/சாத் நாடகத்தில், பைத்தியக்கார விடுதியில் நாடகம் போடும் ஒரு நோயாளியாக நடித்தார். தன் நீண்ட கூந்தலையே சாட்டையாக்கி மார்க்கி த சாத் என்ற பிரெஞ்சு எழுத்தாளரை அடிக்கும் காட்சி அதில் உண்டு. லண்டனில் ஓடி, நியூயார்க் போய், 1967இல் படமாகவும் வந்தது. படத்தை இன்றும் பார்க்கலாம். எனக்கு அந்தப் படம் முழுசாகப் பிடிக்காது, இரைச்சல் அதிகம். ஆனால் இவர் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல வசனத்தை இழுத்து இழுத்துச் சொல்லும் இடங்களில் மற்ற யார் பக்கமும் கண் போகாது.

அப்புறம் 1969இல் கென் ரஸ்ஸல் இயக்கிய விமன் இன் லவ். டி. எச். லாரன்ஸ் நாவலில் வரும் குட்ரன் என்ற சிற்பி. படப்பிடிப்பின்போது கிளெண்டா கர்ப்பமாக இருந்தார். நீண்ட கொம்புள்ள மாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் குட்ரன் தனியாக நின்று ஆடும் காட்சியைத் தேடியாவது பாருங்கள். மாடுகளை மிரட்டுகிறாளா, சீண்டுகிறாளா, தன்னையே சோதித்துப் பார்க்கிறாளா என்று சொல்லவே முடியாது. அந்தப் பாத்திரத்துக்குத்தான் முதல் ஆஸ்கர். விழாவுக்கு அவர் போகவில்லை. இரண்டாவது முறை, 1974இலும் போகவில்லை. சிலைகள் அம்மா வீட்டில் இருந்தன, அம்மா துடைத்துத் துடைத்துத் தங்க முலாமே போய்விட்டது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த இரண்டாவது ஆஸ்கருக்கு ஒரு சுவையான பின்கதை இருக்கிறது. 1971இல் மோர்க்கம் அண்ட் வைஸ் என்ற இரட்டையரின் டிவி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு கிளியோபாட்ரா வேஷத்தில் போனார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் அபத்தமான வசனங்களைப் பேசி வயிறு வலிக்க வைத்தார். அதைப் பார்த்த மெல்வின் ஃபிராங்க் என்ற இயக்குநர், இவருக்கு நகைச்சுவை வரும் என்று புரிந்துகொண்டு எ டச் ஆஃப் கிளாஸ் படத்தில் ஜார்ஜ் சீகலுடன் நடிக்கக் கூப்பிட்டார். 1973இல் படம் வந்து ஆஸ்கரும் வந்தது. என்னைக் கேட்டால் அது மெல்லிசான படம். அதே விருதை 1971இல் வந்த சண்டே பிளடி சண்டே படத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே இளைஞனை ஒரு நடுவயது மருத்துவரும் விவாகரத்தான ஒரு பெண்ணும் காதலிக்கிறார்கள். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியும். கிடைக்கிற பாதி அன்பை வைத்துக்கொண்டு நாள் கடத்தும் அந்தப் பெண்ணாக, அழுகையைக் கிட்டத்தட்டத் தொடாமலே நடித்திருக்கிறார்.

சரி, டிவிக்கு வருகிறேன். அவருடைய மிகப் பெரிய சாதனை அங்கேதான் என்பது என் முடிவு.

எலிசபெத் ஆர், பிபிசி, 1971. முதலாம் எலிசபெத் ராணியின் வாழ்க்கை ஆறு பாகங்களாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு பாகத்தையும் வேறு வேறு எழுத்தாளர் எழுதியிருந்தார். அதனால் தொடரின் தொனி அங்கங்கே மாறும், ஆனால் ராணி மாற மாட்டார். உயிர் தப்புமா என்று தெரியாமல் அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே நிற்கும் இளம்பெண்ணிலிருந்து, 69 வயதில் படுக்கைக்குப் போக மறுத்து அடம்பிடித்துச் சாகும் கிழவி வரை எல்லாமே கிளெண்டாதான். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. அந்தக் காலத்து அகன்ற நெற்றி வேண்டும் என்பதற்காகத் தலையை மழித்துக்கொண்டார். செட்டுகள் அட்டை மாதிரிதான் இருக்கும், அந்தக் கால ஸ்டுடியோ வீடியோவின் தரம் இன்றைய கண்ணுக்கு உறுத்தும். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாகத்தில் முகத்தில் வெள்ளைப் பூச்சு கனத்துக்கொண்டே போகும், அசையும் தசைகள் குறைந்துகொண்டே வரும். கடைசியில் கண்ணும் குரலும் மட்டும்தான் மிச்சம். அவற்றை வைத்தே ஒரு நாட்டை மிரட்டுகிறார். அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது இதற்காக அந்நாட்டின் டிவி விருதான எம்மி இரண்டு கிடைத்தன. அதே 1971இல் மேரி, குயீன் ஆஃப் ஸ்காட்ஸ் படத்திலும் அதே ராணியாக வனெஸா ரெட்கிரேவுக்கு எதிரே நடித்தார். தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் தேவைப்படாது.

1978இல் வந்த ஸ்டீவி என்ற படத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டீவி ஸ்மித் என்ற கவிஞர் தன் அம்மாவின் வயதான சகோதரியோடு லண்டன் புறநகரில் வாழ்ந்த வாழ்க்கை. பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடக்கும். எண்பதுகளில் அவருக்கு ஏற்ற வேடங்கள் குறைந்தன, அதை வேகமாகத் தாண்டிவிடலாம்.

அரசியலுக்கு ஏன் போனார்? கொத்தனார் வீட்டுப் பெண் உதவித்தொகையில் படித்து நடிகையானார். அந்த உதவிகளைத் தந்த அமைப்பையே பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசு கலைக்கிறது என்ற கோபம் அவருக்கு இருந்தது. ‘சமூகம் என்று ஒன்று கிடையாது’ என்று தாட்சர் சொன்னதைக் கேட்டதும் ஆத்திரத்தில் எழுந்து நடந்து, மூடியிருந்த கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1992 தேர்தலில் அவருடைய லேபர் கட்சி நாடு முழுவதும் தோற்றபோதும், தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சி கையிலிருந்த லண்டனின் ஹாம்ஸ்டெட் அண்ட் ஹைகேட் தொகுதியை வென்றார். 1997 முதல் 1999 வரை டோனி பிளேர் அரசில் போக்குவரத்துத் துறை இளைய அமைச்சர். லண்டன் மேயர் வேட்பாளராக முயன்று கட்சிக்குள்ளேயே தோற்றார். 2003இல் இராக் போரை, சொந்தக் கட்சியின் பிரதமரை மீறி எதிர்த்தார். 2010இல் வெறும் 42 வாக்குகளில் ஜெயித்தார். 2013இல் தாட்சர் இறந்தபோது அவையில் எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் எழுந்து அந்த ஆட்சி தன் தொகுதி மக்களுக்கு என்ன செய்தது என்று அடுக்கினார். எதிர்வரிசை கூச்சல் போட்டது, இவர் குரல் ஏறியதே தவிர நிற்கவில்லை. இறந்தவரைப் பற்றி அஞ்சலிக் கூட்டத்திலேயே அப்படிப் பேசலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நான் அவர் பக்கம்.

இத்தனை ஆண்டும் அவர் ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. கௌரவ வேடம்கூடக் கிடையாது. தொகுதி வேலை என்பது முழுநேர வேலை என்று நினைத்தார்.

2015இல் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கியதும் முதலில் வானொலி நாடகத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு, எண்பது வயதில், லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகம். ராணியாக மாற்றாமல், ராஜாவாகவே நடித்தார். வயதாக ஆக ஆண், பெண் என்ற கோடு மங்கிப்போகிறது, தொகுதியில் முதியோர் இல்லங்களுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கவனித்திருக்கிறேன் என்று காரணம் சொன்னார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நடிப்புக்கு அந்த 23 ஆண்டுகள் நஷ்டம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த இல்லங்களில் உட்கார்ந்து பேசிய எம்.பி.தான் திரும்பி வந்து மேடை ஏறினார். 2018இல் நியூயார்க்கில் த்ரீ டால் விமன் நாடகத்துக்கு, அமெரிக்க மேடை நாடக விருதான டோனி கிடைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பிபிசியில் எலிசபெத் இஸ் மிஸ்ஸிங் என்ற டிவி படம். எம்மா ஹீலியின் நாவல். மோட் என்ற மூதாட்டிக்கு நினைவு கலைந்துகொண்டே போகிறது. தோழி எலிசபெத்தைக் காணவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார், யாரும் காது கொடுப்பதில்லை. பை நிறையத் துண்டுச் சீட்டுகள், சுவரெல்லாம் குறிப்புகள். போருக்குப் பிறகு காணாமல் போன அக்காவின் கதை நடுநடுவே மேலே வருகிறது.

எங்கள் அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் இதே நோய். அதனால் இந்த வகைப் படங்களைப் பார்க்கவே தயங்குவேன். பெரும்பாலும் நோயாளியை ஒரு சாதுவான குழந்தையாக்கி நம்மை அழ வைத்து அனுப்பிவிடுவார்கள். மோட் சாது இல்லை. கத்துகிறார், பொருளைத் தட்டிவிடுகிறார், பார்த்துக்கொள்ளும் மகளை வார்த்தையால் குத்துகிறார். அப்பத்தாவும் அப்படித்தான். ‘சாப்டாச்சு அப்பத்தா’ என்றால், ‘யாருடி நீ, எனக்குப் பொய் சொல்றவ’ என்று எரிந்து விழுவார். அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு நியாயம் இருந்தது. அவர் உலகத்தில் அவர் சொல்வதுதான் உண்மை, நாங்கள்தான் தப்புத்தப்பாகப் பேசிக்கொண்டிருந்தோம். கிளெண்டா அந்த நியாயத்தைக் கண்ணிலேயே கொண்டுவந்துவிட்டார். என் அம்மாவை உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத அம்மா, ‘அத்தை மாதிரியே இருக்காங்க’ என்றார். அதற்காக கிளெண்டாவுக்குக் கிடைத்த பிரிட்டனின் பாஃப்டா விருதைவிட அம்மா சொன்னதுதான் எனக்குப் பெரிது.

2023 ஜூன் 15 அன்று, 87 வயதில், லண்டன் பிளாக்ஹீத்தில் வீட்டிலேயே காலமானார். மைக்கேல் கெயினுக்கு மனைவியாக நடித்த த கிரேட் எஸ்கேப்பர் படம் அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், காலவரிசையில் போகாதீர்கள். எலிசபெத் இஸ் மிஸ்ஸிங் முதலில், ஒன்றரை மணி நேரம்தான். அது பிடித்துவிட்டால் எலிசபெத் ஆர் தொடரை வாரம் ஒரு பாகமாகப் பாருங்கள், ஒரே மூச்சில் பார்த்தால் கனம் தாங்காது. அதன்பின் சண்டே பிளடி சண்டே, விமன் இன் லவ், ஸ்டீவி. மரா/சாத் படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஸ்டீவி பற்றிப் பேச எனக்கு இதுவரை ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.