முன்பாரம் பின்பாரம்: வாசகர் கேள்வி, பட்டறைப் பதில்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்னப் படுக்கை வண்டியைப் பற்றித்தான் இம்முறை அதிகக் கடிதங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணீர்த்துளி மாதிரி முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் சரிந்தும் இருக்கும். உள்ளே மெத்தை மட்டும். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. 1930களில் அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 4 அடி அகலம், 8 அடி நீளம் என்ற அளவு வந்ததே ஒரு முழுப் பிளைவுட் பலகையின் அளவிலிருந்துதான்.

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். லாத்தா கிஞ்சாங் அருவி, தெலுக் பாத்திக் கடற்கரை, கேமரன் மலை போய்வர ஒரு வண்டி செய்ய ஆசை. என்னிடம் மைவி என்ற சின்னக் கார் இருக்கிறது, தம்பியிடம் ஹைலக்ஸ் பிக்கப். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், தாப்பா)

இரும்புக்கடையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் மைவியோடு வந்த கையேட்டை எடுத்து, இழுவைக்கான பக்கத்தைப் பாருங்கள். இத்தனை கிலோ இழுக்கலாம் என்று எண் அச்சாகியிருக்காவிட்டால் அந்தக் கார் இழுக்காது, அவ்வளவுதான். பெங்கெலில் (கார் பட்டறையில்) கொக்கி மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். கொக்கி தாங்கும், கிளட்சும் பிரேக்கும் தாங்க வேண்டுமே. தம்பியின் ஹைலக்ஸை நம்பித் திட்டம் போடுங்கள். அதிலும் இழுவைக் கொக்கி சேஸியில் போல்ட் போட்டு நிற்க வேண்டும், பம்பரில் அல்ல.

அடுத்து ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை. கையால் வரைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. நீளம், அகலம், எடை, விளக்குகள் எல்லாம் குறித்த ஒரு படத்தோடு போய், பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செய்து முடித்த பிறகு போனால், அவர்கள் கேட்கும் ஒரு சின்ன மாற்றத்துக்காகச் சேஸியையே அறுக்க நேரும்.

இனி எடை. 4க்கு 8 அடி வண்டிக்கு ஒரு நேர்மையான கணக்கு இது. 2 அங்குல ஹாலோ இரும்பு (சதுரக் குழாய்), 3 மி.மீ. கனம், மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 கிலோ. 20 அடி நீளத்தில் மூன்று வாங்கினால் வெட்டுக்கழிவு போகச் சேஸி 65 கிலோ வரும். அச்சு, ஸ்பிரிங், ஹப், இரண்டு சக்கரம், ஒரு ஸ்பேர் எல்லாம் சேர்ந்து 85. கொக்கித் தலை (காரின் கொக்கி உருண்டையில் பூட்டும் பகுதி), முன்சக்கரத் தாங்கி, சங்கிலிகள் 12. 12 மி.மீ. பிளைவுட் ஒரு பலகை 20 கிலோ; தரைக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒவ்வொன்று, ஆக 60. மேல்வளைவுக்கு 3 மி.மீ. பலகை உள்ளும் புறமும் 15. சட்டங்கள் 20, அலுமினியத் தகடு 22, கதவு ஜன்னல் கீல்கள் 25, அடுப்படி அலமாரி 25, மெத்தை 12, பேட்டரி 28. கூட்டினால் 369. தண்ணீர், ஐஸ் பெட்டி, துணி, கூடாரம் என்று ஏற்றுவது 85. ஆக 454 கிலோ. ‘சும்மா இருநூறு கிலோதான் வரும்’ என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் எடை போட்டுப் பார்க்கவில்லை.

கடைசியாக ஆள் கணக்கு. 4 அடி அகலத்தில் பெரியவர் இருவர்தான் படுக்கலாம். 5 அடி அகலமாக்கிக் காலடியில் குறுக்குப் பலகை போட்டால் சின்னப் பிள்ளை ஒன்று கூடும். ஆனால் தரைக்கும் மேல்வளைவுக்கும் ஒட்டுப் போட வேண்டும், ஒட்டு என்றாலே ஒழுகலுக்கு ஓர் இடம். எங்கள் யோசனை: 4 அடியே போதும். அம்மாவும் சின்னதும் உள்ளே, மற்றவர்கள் பக்கத்தில் கூடாரத்தில். மழை பெய்தால் அம்மாவைத் தவிர எல்லாரும் குறைபட்டுக்கொள்வார்கள், பரவாயில்லை.

அச்சை வண்டிக்கு நட்டநடுவில் வைத்தால்தான் பாரம் சமமாக இருக்கும் என்கிறார் பற்றவைப்பவர். சரிதானா? (வாசகர், பீடோர்)

சரியில்லை. ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய தாத்தா யாராவது இருந்தால் கேளுங்கள், சொல்வார். மூட்டையைப் பின்னால் ஏற்றினால் ஏர்க்கால் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். எல்லாவற்றையும் முன்னால் ஏற்றினால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். வண்டிக்காரர் அளவாக முன்பாரம் வைத்துத்தான் ஓட்டுவார். இங்கே மாட்டின் கழுத்து இருக்கும் இடத்தில் காரின் கொக்கி. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். எதிரே செம்பனை லோரி கடந்துபோகும் காற்றே அதற்குப் போதும். ஆட ஆரம்பித்தபின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுவதுதான் வழி.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கொக்கியிலிருந்து பெட்டியின் முன்பக்கம் வரை 4 அடி, அங்கிருந்து அச்சு வரை 5 அடி, ஆக 9 அடி. அச்சுக்குப் பின்னால் 3 அடி. சாமானில்லாத வண்டி 370 கிலோ, கொக்கியில் 45 கிலோ என்றால் 12 சதவீதம், நல்ல அளவு. அதற்கு வண்டியின் எடை மையம் அச்சுக்கு 13 அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். இப்போது 20 கிலோ தண்ணீரையும் 25 கிலோ ஐஸ் பெட்டியையும் பின் அடுப்படியில், அச்சுக்கு இரண்டரை அடி பின்னால் வையுங்கள். 45ஐ 2.5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 12.5. கொக்கியிலிருந்து அவ்வளவு எடை எழும்பிவிடும். மொத்தம் 415 ஆனது, கொக்கியில் மிஞ்சியது 32.5, எட்டு சதவீதம்கூட இல்லை. அதே தண்ணீரை மட்டும் அச்சுக்கு 3 அடி முன்னால், மெத்தைக்கு அடியில் வைத்தால் கொக்கி மறுபடி 45க்கு வந்துவிடும், ஏறக்குறைய 11 சதவீதம். வண்டி ஒன்றுதான், சாமானும் ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு.

கொக்கி எடையை வீட்டிலேயே அளக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஆள் எடை பார்க்கும் தராசின் மேல் கொக்கித் தலையை ஒரு கட்டையால் தாங்குங்கள். காரில் மாட்டும்போது இருக்கும் உயரத்திலேயே கொக்கி நிற்க வேண்டும். எண் பயணத்துக்குப் பயணம் மாறும். அதனால் சாமான் ஏற்றிய பிறகு அளப்பதுதான் கணக்கு. வெறும் வண்டியில் அளந்து சுவரில் எழுதி வைப்பதில் பயனில்லை.

இன்னொன்று, ஸ்பிரிங். கிடைக்கிறதே என்று பழைய லோரி பட்டைகளைப் போடாதீர்கள். 450 கிலோவுக்கு அவை வளையவே வளையாது. செம்மண் பாதையின் ஒவ்வொரு குழியும் நேரே சுவருக்குப் போய், இரண்டு மாதத்தில் திருகாணிகள் தாமாகக் கழன்று நிற்கும்.

கடையில் எல்லாப் பிளைவுட்டையும் மரீன் (தண்ணீர் தாங்கும் தரம்) என்கிறார்கள். எதை நம்புவது? (வாசகி, சுங்கை)

சமையல் குவாலியை (சட்டியை) நம்புங்கள். வாங்கும் பலகையிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் நான்கு மணி நேரம் போட்டு வையுங்கள். எடுத்து நிழலில் காயவிட்டு ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். அடுக்கு பிரிந்து வாய் திறந்தால் அது அலமாரிக்கான பசை, மழைக்கு ஆகாது. பிரியாவிட்டால் பசை நல்லது. அப்போதும் துண்டின் குறுக்கு வெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: நடு அடுக்கில் சுண்டெலி போகிற அளவுக்கு ஓட்டை தெரிந்தால் திருகாணி அங்கே பிடிக்காது, தண்ணீர் அங்கே தங்கும். மரீன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை உள்ள பலகையில் இந்தக் குறை இருக்கக் கூடாது. விலைதான் கையைக் கடிக்கும். தரைக்கும் பக்கச் சுவருக்கும் அதை வாங்கி, அலமாரிக்குச் சாதாரணமானது வாங்கினால் போதும்.

எந்தப் பலகையானாலும் தண்ணீர் முகத்தின் வழியாக அதிகம் நுழைவதில்லை, ஓரத்தின் வழியாகத்தான் அதிகம் உறிஞ்சும். வெட்டிய ஓரம், ஜன்னல் துவாரம், ஒவ்வொரு திருகாணித் துளை, எல்லாவற்றுக்கும் எபோக்சியை மூன்று முறை பூசுங்கள். முதல் பூச்சை உறிஞ்சிக் குடித்துவிடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூட்டுகளுக்குச் சிலிக்கோன் வேண்டாம். அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, பழசானபின் புதுசும் ஒட்டாது. பாலியூரித்தேன் பசை வாங்குங்கள். அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் கடற்கரைக்கு நாலு தரம் போய்வந்ததும் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். எவர்சில்வர் திருகாணி போட்டு, தலைக்கு அடியிலும் பசை வையுங்கள்.

பின்கதவு செய்து முடித்தேன். கழற்றி வைத்த மறுநாள் கீழே ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறது, மூடவே மாட்டேன் என்கிறது. என்ன தவறு? (வாசகர், தாப்பா)

வளைத்த மரம் நிமிரப் பார்த்திருக்கிறது. சட்டங்களை வண்டியின் வளைவுக்கே வெட்டி, மேலே ஒற்றைப் பலகையை இழுத்துத் திருகினால் பலகை ஜெயித்துவிடும். புதிதாகச் செய்வது நல்லது. சட்டத்தின் வளைவைச் சுவரின் வளைவைவிடச் சற்று இறுக்கமாக வெட்டுங்கள். 3 மி.மீ. பலகை இரண்டை எடுத்து, கதவை வண்டியிலேயே கிடத்தி, பாய்விரிப்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி, நாடாவால் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் விடுங்கள். இரண்டு பலகையும் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் பிறகு நிமிர முடியாது. பசை காயும் முன் கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கஷ்டமான வேலை.

உள்ளே ஏர்கோன் வைக்கலாமா? (வாசகர், பீடோர்)

மின்சாரம் தரும் முகாமிடத்தில் மட்டும் வைக்கலாம். பேட்டரியில் வேண்டாம். கூரையில் 12 வோல்ட் காற்றாடி ஒன்று, எதிர்ப்பக்கம் திறந்த ஜன்னல் ஒன்று. காற்றாடி 2.5 ஆம்பியர் இழுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு 23 ஆம்பியர்-மணி. விளக்கும் கைப்பேசியும் சேர்த்து ஓர் இரவுக்கு 32 போதும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம். அதற்குமேல் வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடுங்கள்.

கேமரனில் மழை பெய்தால் உள்ளேயே அடுப்பை மூட்டிச் சமைக்கலாமா? கொசுவலை போதுமா? (வாசகி, சுங்கை)

முதல் கேள்விக்கு ஒரே பதில்: கூடவே கூடாது. ஆளைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி அது. கேஸ் அடுப்பும் சரி, கரியடுப்பும் சரி, கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருகிறது என்றுதான் தோன்றும். குளிருக்காக, அணைந்ததுபோல் தெரியும் கரித்தணலை உள்ளே வைப்பதும் அதே ஆபத்து. பின்கதவுக்கு மேல் ஆறடி தார்ப்பாய் ஒன்றை நீட்டிக் கட்டினால் மழையிலும் சமைக்கலாம். குளிருகிறது என்று ஜன்னலை முழுவதும் அடைத்தும் படுக்காதீர்கள். விடியும்போது மூச்சுக்காற்றின் ஈரம் கூரையிலிருந்து மெத்தையில் சொட்டும்.

வலை விஷயம்: மலைக்குச் சாதாரணக் கொசுவலை போதும். கடற்கரைக்குப் போதாது, அகாஸ் என்ற மிகச் சின்னக் கடிப்பூச்சி அதற்குள் நுழைந்துவிடும். மிக நெருக்கமாக நெய்த வலை வாங்குங்கள். காற்று குறையும், அதற்குத்தான் காற்றாடி.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. (வாசகர், தாப்பா)

எர்த் கோளாறு. கொக்கி வழியாக எர்த் வரும் என்று விட்டிருப்பார்கள். கிரீஸும் துருவும் இருக்கும்போது வராது. 7 பின் பிளக்கிலிருந்து தனியாக ஒரு எர்த் வயரை ஒவ்வொரு விளக்குக்கும் இழுங்கள்.

ரிங்லெட்டிலிருந்து இறங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? (வாசகர், பீடோர்)

ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வழியைவிடச் சிம்பாங் பூலாய் வழி அகலம். முதல் பயணத்துக்கு அதுவே நல்லது. எந்த வழியில் இறங்கினாலும், மேலே ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி வராதீர்கள். புறப்படும் முன் கொக்கித் தலையின் மேல் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். 50 மி.மீ. உருண்டைக்கு 50 மி.மீ. தலை, 2 அங்குலத்துக்கு 2 அங்குலம். வித்தியாசம் ஒரு மில்லிகூட இல்லை. ஆனால் 2 அங்குலத் தலையை 50 மி.மீ. உருண்டையில் மாட்டினால் பூட்டிக்கொண்ட மாதிரித் தெரியும். குழியில் குதிக்கும்போது கழன்றுவிடலாம். பூட்டிய பிறகு முன்சக்கரத் தாங்கியால் ஏர்க்காலை (வண்டியின் முன்நீட்டுச் சட்டத்தை) தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டியிருக்கிறது. சங்கிலி இரண்டையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் தார் ரோட்டில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் தவறு. அதைச் சரிசெய்யாமல் மலையேறாதீர்கள்.