தாத்தாவோட மெடல்ல விளிம்ப படிச்சீங்களா?

ஈசூன்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "வீடு மாத்தறப்போ பாட்டியோட பிஸ்கட் டின்ல தாத்தாவோட மூணு மெடல் கெடச்சுது. ஒண்ணு ஆறு முனை நட்சத்திரம், நீல ரிப்பன் நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சு கோடு. ஒண்ணு சிங்கம் போட்ட வெள்ளை மெடல். இன்னொண்ணு ஊதா ரிப்பன்ல பச்சைக் கோடு, மேல மலாயான்னு ஒரு பட்டை. சிங்கப்பூர் விழறப்போ தாத்தா இங்க சண்டை போட்டாரு, பிறகு போலிஸ்ல இருந்தாருன்னு அம்மா சொல்வாங்க. ஆனா போலிஸ் மெடல்னு தனியா எதையும் காணோம், பேப்பரும் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

தங்கச்சி, முதல்ல ஒரு வேண்டுகோள், அந்த மெடல்கள புளி போட்டோ பிராஸோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீங்க. நம்ம வீடுகள்ல குத்துவிளக்கு தேய்க்கற கையோட இதையும் பளபளன்னு ஆக்கிடறாங்க, அதுல போறது அழுக்கு மட்டும் இல்ல, விளிம்புல பொடி எழுத்துல அடிச்சிருக்கற பேரும் நம்பரும் சேர்ந்தே தேஞ்சு போகுது. உங்க தாத்தாவோட மொத்த சர்வீஸுக்கும் சாவி அந்த ஒரு வரிதான். போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு பிடிச்சு, பூதக்கண்ணாடி வச்சு வட்ட மெடல்னா விளிம்ப சுத்தி பாருங்க, நட்சத்திரம்னா பின்பக்கம் பாருங்க.

நீங்க சொல்ற ரிப்பன் பர்மா ஸ்டாரோடது, ரெண்டாம் உலகப்போர்ல பர்மா பக்கம் சண்டைல இருந்தவங்களுக்கு கொடுத்த நட்சத்திர மெடல் அது. ஆனா ரிப்பன மாத்தி கோத்திருக்கலாம், அதனால நட்சத்திரத்து நடுவுல ராஜா முத்திரைய சுத்தி என்ன எழுதியிருக்குன்னும் பாத்துக்கோங்க. பர்மா ஸ்டார்தான்னா அம்மா சொல்ற கதைய கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். ஏன்னா 1941 டிசம்பர் 8லேருந்து 1942 பிப்ரவரி 15ல ஜப்பான்காரன்கிட்ட சிங்கப்பூர் விழற வரைக்கும் மலாயா, சிங்கப்பூர் சண்டைல நின்னவங்களுக்கு கொடுத்தது பசிபிக் ஸ்டார், அதுக்கு ரிப்பன் பச்சை, நடுவுல மஞ்சள், ஓரம் சிவப்பு. ரெண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒரு ஸ்டார்தான் தருவாங்க, மத்ததுக்கு ரிப்பன் மேல ஒரு சின்ன பட்டைதான். அந்தப் பட்டை இல்லாத பர்மா ஸ்டார்னா, சிங்கப்பூர் விழுந்தப்போ அவர் இங்க படைல இல்லன்னுதான் அர்த்தம், அநேகமா பர்மா பக்கம் இல்லன்னா அஸ்ஸாம் பக்கம் இந்தியப் படையில இருந்திருப்பாரு. அம்மா தப்பா சொல்லிட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க, பர்மா எல்லைல நடந்த இம்பால் சண்டையில இருந்த 5வது இந்திய டிவிஷன்தான் 1945 செப்டம்பர் 5ல சிங்கப்பூர்ல வந்து இறங்குச்சு, தாத்தா அப்படி வந்தவரா இருந்தா சிங்கப்பூரும் ஜப்பான்காரனும் ஒரே கதைக்குள்ள வந்தது இயல்புதான்.

பிரிட்டிஷ் ஆர்மிக்காரங்களுக்கு கொடுத்த ரெண்டாம் உலகப்போர் மெடல்ல பேர் அடிக்கல, வெறுமையா இருக்கும். இந்தியப் படைக்கு கொடுத்ததுல நம்பர், ரேங்க், பேர், ரெஜிமென்ட் எல்லாம் அடிச்சிருப்பாங்க, இது நமக்கு பெரிய அதிர்ஷ்டம். சுருக்கமாத்தான் இருக்கும், 'செப்'னா சிப்பாய், 'ஹவ்'னா ஹவில்தார், 'எஸ்.பி.ஆர்.'னா சாப்பர், அதாவது ராணுவப் பொறியாளர் படை சிப்பாய். மெட்ராஸ் ரெஜிமென்ட்னு வந்தா ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டன்ல இருக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு. சாதாரண சிப்பாயோட ரெக்கார்ட லண்டன்ல தேடி காலத்த வீணாக்காதீங்க, அது அந்தந்த ரெஜிமென்ட்டோட இந்தியாவுலயே தங்கிடுச்சு. எழுதறப்போ நம்பர முதல்ல போடுங்க, பிறகு அவங்க அப்பா பேரு, கிராமம், தாலுகா, ஜில்லா, நீங்க பேத்தின்னு காட்ட பிறப்பு, இறப்பு சர்டிபிகேட் காப்பி. சொந்த ஜில்லாவுல இருக்கற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஊர்ல இருக்கற சித்தப்பாவோ மாமாவோ நேர்ல ஒரு நடை போனா இன்னும் நல்லது.

சிங்கம் போட்டது வார் மெடல், 28 நாள் படைல இருந்தாலே கெடச்சது, அதுலயும் பேர் இருக்கான்னு பாத்துட்டு விட்டுடுங்க.

உங்க போலிஸ் கேள்விக்கு பதில் அந்த ஊதா ரிப்பன்லதான் இருக்கு. அது ஜெனரல் சர்வீஸ் மெடல், மலாயா பட்டை 1948 ஜூன் 16லேருந்து கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள எதிர்த்து மலாயாவுல நடந்த அவசரகாலத்துக்கு, ராணுவத்துக்கு மட்டும் இல்ல, போலிஸ்காரங்களுக்கும் கொடுத்தாங்க. விளிம்புல போலிஸ்னு சுருக்கி போட்டிருந்தா அதுதான் நீங்க தேடற போலிஸ் மெடல். சிங்கப்பூர் போலிஸா மலாயா ஃபெடரேஷன் போலிஸான்னு கவனமா படிங்க, அத வச்சுதான் இங்க தேடறதா கோலாலம்பூர் பக்கம் தேடறதான்னு முடிவாகும். முன்பக்கம் ராணி தலை இருந்தா 1952க்கு அப்புறம் அடிச்சது. காலனி போலிஸ்ல நீண்டகால சேவை மெடல்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா அதுக்கு 18 வருஷம் வேணும், போர் முடிஞ்சு 1946ல சேர்ந்தவருக்கு 1964லதான் 18 நிறையும், அப்போ சிங்கப்பூர் காலனியே இல்ல. அதனால அது இல்லாதத வச்சு சர்வீஸ்ல ஏதோ குறைன்னு நெனக்கவே நெனக்காதீங்க.

சிங்கப்பூர் போலிஸ்னா தேசிய நூலகத்தோட பழைய பேப்பர் இணையதளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜில உக்காருங்க, வீட்லேருந்தே பாக்கலாம், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் இருக்கு தமிழ் முரசும் இருக்கு. கான்ஸ்டபிள் கோர்ட்ல சாட்சி சொன்னது, ப்ரமோஷன், ஸ்போர்ட்ஸ், எல்லாத்துலயும் பேர் வரும். பேர்லதான் சிக்கல். நம்ம பேர வெள்ளைக்கார கிளார்க் காதுல விழுந்தபடி எழுதுவான், முத்துசாமிக்கு கடைசில ஒரு நாள் 'ஐ' போடுவான் ஒரு நாள் 'ஒய்' போடுவான், 'யூ' வர்ற எடத்துல ரெண்டு 'ஓ' போடுவான், அப்பா பேர் ஒரு பேப்பர்ல இனிஷியலா முன்னாடி நிக்கும், இன்னொண்ணுல 'எஸ் ஓ' (சன் ஆஃப், இன்னாரோட மகன்) போட்டு பின்னாடி வரும், வேற ஒண்ணுல அப்பா பேரே அவர் பேரா ஆகியிருக்கும். பத்துப் பன்னெண்டு விதமா எழுதி வச்சுகிட்டு ஒவ்வொண்ணா அடிச்சு பாருங்க, கான்ஸ்டபிள் நம்பரையும் அடிச்சு பாருங்க. கவர்மென்ட் கெஸட்டுக்கு கேனிங் ரைஸ்ல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல கேளுங்க, வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் அங்கதான், அந்தக் கால போலிஸ்காரங்க குரல்ல கேக்கறப்போ தாத்தா வாழ்ந்த வாழ்க்கை கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும்.

ஒருவேளை விளிம்புல வேற ஒருத்தர் பேர் இருந்தா பதறாதீங்க. ஃப்ரெண்டோட மெடல பத்திரமா வச்சிருந்திருக்கலாம், சுங்கை ரோடு சந்தைல யாராவது வாங்கினதாவும் இருக்கலாம், 2017ல மூடற வரைக்கும் அங்க இதெல்லாம் கெடச்சுது.

இன்னொண்ணு, இது காத்திருக்காது. அத்தையோ பெரியம்மாவோ இருந்தா இந்த வாரமே போய் பாருங்க. எந்த குவார்ட்டர்ஸ்ல இருந்தீங்க, எந்த ஸ்டேஷன், தாம்சன் ரோடு ட்ரெய்னிங் ஸ்கூல்ல ஸ்குவாடோட எடுத்த போட்டோ யார் வீட்லயாவது மாட்டியிருந்துச்சான்னு கேளுங்க. போட்டோல யூனிஃபார்ம்ல போட்டிருக்கற காலர் நம்பர் தெரிஞ்சா அத மெடல் நம்பரோட ஒத்துப் பாக்கலாம். விளிம்புல இருக்கறத ஒரு எழுத்து விடாம, புரியாட்டியும் அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்க, அங்கேருந்து நான் கூட வரேன்.