பீத்தோவன் ஒன்பது சிம்பொனிகள்: எந்த வினைல் செட்?

நடத்துனர் ஹெர்பர்ட் வான் கராயன் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பதிவுசெய்த மூன்று செட்களில் எதை வாங்கலாம், ஒன்பதாவது சிம்பொனி ஏன் தட்டுப் பக்கத்தின் முடிவில் கரகரக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

1961-62இல் பதிவானதை எடுங்கள். பதிவு நடந்த பெர்லின் இயேசு கிறிஸ்து தேவாலயத்தின் எதிரொலி அதில் இயல்பாக இருக்கிறது. எழுபதுகளில் வந்தது மெருகேறியது, ஆனால் கனம் கூடியது. எண்பதுகளின் டிஜிட்டல் பதிவை வினைலில் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை. தட்டின் நடுவிலுள்ள டாய்ச் கிராமஃபோன் நிறுவன லேபிளைச் சுற்றி துலிப் பூ வளையம் இருந்தால் ஏறத்தாழ 1970க்கு முந்தைய அச்சு. நீலக் கோட்டு வளையம் பிந்தையது. கீறலில்லாத நீலம், தேய்ந்த துலிப்பைவிட எவ்வளவோ மேல்.

அந்தச் செட்டில் ஆறாவது மட்டும் அவசர ஓட்டம். அதற்கு வியன்னா பில்ஹார்மோனிக்குடன் நடத்துனர் கார்ல் போம் 1971இல் பதிவுசெய்ததைத் தனியாக வாங்குங்கள். ஐந்தாவதற்கு நடத்துனர் கார்லோஸ் கிளைபர், அதே வியன்னா குழு. சுமார் 33 நிமிட இசைக்கு ஒரு முழு எல்பி (வினைல் தட்டு) என்பதால் பள்ளங்கள் நெருக்கமில்லாமல் வெட்டப்பட்டிருக்கும்.

கரகரப்புக்கு வருவோம். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே 21 ஆகக் குறைகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கிவிடுகிறது. ஒன்பதாவதன் இறுதியில் வரும் கோரஸ் உச்சம் அங்கேதான் விழுகிறது. ஒன்பதாவதை ஒரே எல்பியில் அடைத்த பதிப்பை வாங்காதீர்கள். வேறு பதிப்பு தேடுமுன், கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணத்தை புரோட்ராக்டர் என்ற அளவுகோலில் சரிபாருங்கள். கூம்பு ஊசியாக இருந்தால் நீள்வட்ட ஊசிக்கு மாறுங்கள். அப்படியும் கரகரத்தால் முந்தைய உரிமையாளரின் ஊசி பள்ளத்தைத் தின்றுவிட்டது, கழுவினாலும் போகாது.