14-ம் நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல: வாசகர் கேள்விகள், மருத்துவப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, தேதிக் கணக்கில்தான் சிக்கியிருக்கின்றன. கேள்வி அனுப்பும்போது கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, அதற்கு முந்தைய இரண்டு தேதிகள், ரிப்போர்ட் எடுத்த நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

எனக்கு வயது 29. 35 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வரும். ஒன்றரை வருடமாக 12, 13, 14-ம் நாட்களில் சேர்கிறோம். ஏன் கரு நிற்கவில்லை?

14-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களின் கணக்கு. நீங்கள் பின்னாலிருந்து எண்ண வேண்டும். சினைமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிலக்கு வர பெரும்பாலும் 12 முதல் 14 நாள் ஆகும். இந்தப் பாதி அதிகம் மாறாது. நீள்வதும் குறுகுவதும் முதல் பாதிதான். 35-ல் 14-ஐக் கழித்தால் 21. உங்கள் முட்டை 21-ம் நாளையொட்டி வெளிவருகிறது. 14-ம் நாள் உள்ளே போன விந்தணு அதிகபட்சம் 5 நாள் தாங்கினாலும் 19-ம் நாளோடு கதை முடிந்தது. முட்டையோ வெளிவந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் காத்திருக்கும். ஆகவே 16-ம் நாள் முதல் 22 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள்.

உடம்பே ஓர் அடையாளம் காட்டும். அந்த நாட்களில் பிறப்புறுப்பிலிருந்து வரும் திரவத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பாருங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அறுபடாமல் இரண்டங்குலம் நீண்டால் முட்டை வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது. மற்ற நாட்களில் அது பசை மாதிரி ஒட்டும், உடனே அறுந்துவிடும். வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெயோ கடையில் விற்கும் ஜெல்லோ வேண்டாம். பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். பிறகு காலைச் சுவரில் தூக்கி வைப்பதால் பயனில்லை. உள்ளே போக வேண்டியது சில நிமிடங்களில் போய்விடும், வழிவது மீதித் திரவம்.

ஆனால் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35-ஐத் தாண்டினால் 6 மாதம். அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. இருவரும் சோதனைக்குப் போங்கள். விந்துப் பரிசோதனைதான் முதலில்: செலவு குறைவு, ஊசி கிடையாது. நடைமுறையில் அதுதான் கடைசியில் நடக்கிறது, மனைவிக்கு எல்லா ஸ்கேனும் எடுத்து முடித்த பிறகு.

கணவரின் ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு 40 லட்சம் விந்தணுதான் என்று இருக்கிறது. ஜிம் போகிறார், உடம்பு ஏற ஊசி போட்டுக்கொண்டார். அதனாலா?

பெரும்பாலும் அதனால்தான். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி வெளியிலிருந்து வரும் ஹார்மோன். ரத்தத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று மூளை எண்ணிக்கொண்டு, விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். கை தடிக்கும், விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். “ஆண்மைக்கான ஹார்மோன்தானே, நல்லதுதானே” என்று இதையே குழந்தைக்காகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பலன் நேர் எதிர்.

ஊசியை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், குழாயில் முதிர்ந்து வர இன்னும் சில நாள். எந்த மாற்றமும் ரிப்போர்ட்டில் தெரிய 3 மாதம் பிடிக்கும். ஊசி வழக்கத்திலிருந்து முழுதாக மீள 6 மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அதற்குள் சிறுநீரியல் மருத்துவரைப் பார்த்தால் விரையை மீண்டும் எழுப்ப மருந்து உண்டு.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், 42 சதவீதம் அசைவு, 4 சதவீதம் சரியான வடிவம். 4 சதவீதம்தானா என்று பதற வேண்டாம், அதுவே போதும். மாதிரி கொடுக்கும் முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். சோப்பு, எச்சில், எண்ணெய் கூடாது. வீட்டில் எடுத்தால் உடம்பை ஒட்டிய சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது முதல் சொட்டை. அதில்தான் அணுக்கள் அதிகம். அது டப்பாவுக்கு வெளியே விழுந்துவிட்டால், எண்ணிக்கை பொய்யாகக் குறையும். சிந்தியிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள். முந்தைய 3 மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் அப்படித்தான்.

16 வயது மகளுக்கு ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்கிறார்கள். 45 நாளுக்கு ஒருமுறை வருகிறது. பெரிய பெண்ணாகி 3 வருடம்.

“கட்டி” என்ற சொல் செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. அவை 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில், பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டியவை அல்ல. இந்த வயதில் சினைப்பையில் நிறையப் பைகள் தெரிவது இயல்பு. பூப்பெய்தி 8 வருடம் ஆகும்வரை பி.சி.ஓ.எஸ்.-ஐ (ஹார்மோன் கோளாறால் முட்டை சரியாக வெளிவராத நிலை) ஸ்கேனை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் இப்போதைய நெறிமுறை.

3 வருடம்வரை 21 முதல் 45 நாள் இடைவெளி இருக்கலாம். உங்கள் மகள் எல்லையில் நிற்கிறாள். பார்க்க வேண்டியவை: முகவாய், மேலுதட்டில் கருமுடி, அடங்காத பரு, கழுத்துப் பின்புறம் கருத்துத் தடித்திருப்பது. இருந்தால் தைராய்டு, புரோலாக்டின், ஆண் ஹார்மோன், சர்க்கரை பாருங்கள். எந்தக் காரணமானாலும் 90 நாளுக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. கருப்பை உள்ளுறை கரையாமல் தடித்துக்கொண்டே போய், பிறகு கொட்டித் தீர்க்கும். எடை கூடுதல் என்றால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குத் தேதி சீராகிறது. “கல்யாணம் ஆனா சரியாகிடும்” என்பது வைத்தியம் அல்ல.

வெள்ளைப்படுதலால் எலும்பு உருகுமா?

உருகாது. தினமும் சில மில்லி வெளிவருவது உறுப்பு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் வேலை. நிறமும் வாடையும்தான் சொல்லும். தயிர்த் திரி மாதிரி கட்டிக்கட்டியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சை. சாம்பல் நிறமாக, மீன் வாடையோடு வந்தால் நல்ல பாக்டீரியா குறைந்துவிட்டது. பச்சை மஞ்சளாக நுரைத்தால் டிரைகோமோனாஸ் என்ற, உறவில் தொற்றும் கிருமி. கணவரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடாவிட்டால் திரும்ப வரும். பூஞ்சைக்கு குளோட்ரிமசோல் 100 மில்லிகிராம் உள்மாத்திரை 6 இரவு, படுக்கும் நேரத்தில். எரிச்சல் 3 நாளில் தணிந்தாலும் 6-ஐயும் முடியுங்கள். வருடத்தில் நான்கு முறை வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். டெட்டால், வாசனை வாஷ் எதையும் உள்ளே விடாதீர்கள். அங்குள்ள அமிலத்தன்மை போனால் மீன் வாடைக்கு வழிவிட்டதாகும்.

கர்ப்பப்பை பின்பக்கம் திரும்பியிருக்கிறதாம். கரு தங்குமா?

தங்கும். ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கிறது. மாதவிலக்கின்போதும் உறவின்போதும் ஆழத்தில் வலித்தால் மட்டும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்ளுறை போன்ற சதை கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

தூக்கத்தில் விந்து வெளியாகிறது. ஒரு சொட்டு விந்து 60 சொட்டு ரத்தம் என்கிறார்களே?

நள்ளிரவு டி.வி. வைத்தியர்களின் மூலதனமே இந்த ஒரு வரிதான். ஒருமுறை வெளியாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடக்குறைய. அதில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். விந்தணு 5 சதவீதத்துக்குள். ரத்தத்துக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. லேகியம் வாங்காதீர்கள்.

13 வயது மகனுக்கு விடியற்காலையில் திடீரென விரையில் வலி, வாந்தி. காலையில் காட்டினால் போதாதா?

போதாது. விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொடி முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். ஒரு விரை மேலேறிக் குறுக்காக நிற்கும், தொட விடமாட்டான். அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள், வழியில் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இந்த வயதுப் பையன்கள் கூச்சத்தில் “வயிறு வலிக்குது” என்றே சொல்வார்கள். வாந்தியோடு அடிவயிறு வலி என்றால் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

கணவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து இரண்டாவது மாதம் நான் கர்ப்பம். வீட்டில் சந்தேகப் பேச்சு.

சந்தேகத்துக்கு இதில் வேலையே இல்லை. குழாயை வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே தேங்கியிருந்த அணுக்கள் வெளியேறித் தீர 3 மாதமாவது ஆகும். அதுவரை ஆணுறை அவசியம். பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்தால்தான் ஆபரேஷன் முடிந்ததாகக் கணக்கு. இதை வீட்டுக்குப் புறப்படும்போது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு இப்போதே பரிசோதனை செய்யுங்கள், அணுக்கள் இருந்தால் பேச்சு அடங்கும். இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்றால், கருத்தடை தவறியது இந்தியச் சட்டப்படியே ஒரு காரணம். 20 வாரம்வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. முடிவு உங்களுடையது.

52 வயது. நின்று இரண்டு வருடம் கழித்து நேற்று லேசாகத் தீட்டுப் பட்டது. மறுபடி ஆரம்பித்துவிட்டதா?

12 மாதம் வராமலிருந்தால் நின்றுவிட்டதாக அர்த்தம். அதன்பின் ஒரு துளி பட்டாலும் அது மாதவிலக்கு அல்ல. உறுப்பு வறண்டதால் இருக்கலாம், உள்ளே வளர்ந்த சதையாக (பாலிப்) இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்த வாரமே போங்கள். உள்வழி ஸ்கேனில் உள்ளுறை 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அதிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். மெல்லியதாக இருந்தும் மறுபடி பட்டால், அப்போதும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.