கொரோனா காலத்தில் இதய அறுவை சிகிச்சைகளை ஒத்திவைத்தது சரியா?

சரிதான். ஆனால் ஒத்திவைத்ததோடு கைகழுவிவிட்ட இடங்களில் அது பெரும் தவறு.

நான் கோத்தகிரிக்காரி. 2020இல் கோவையில் ஓர் இதய அறுவை அரங்கில் செவிலியராக இருந்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், அவசரமில்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அது வெறும் பயம் அல்ல என்பது பின்னர் தெரிந்தது. 24 நாடுகளில் திரட்டிய ஆய்வு ஒன்று அந்த மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: அறுவையை ஒட்டித் தொற்று கண்டறியப்பட்ட 1,128 பேரில் 23.8 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். எல்லா வகை அறுவைகளும் சேர்ந்த கணக்கு அது. இதய அறுவையிலோ, அந்நேரம் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் பார்க்கும் இதய-நுரையீரல் இயந்திரம் தன் பங்குக்கு உடலெங்கும் அழற்சியைக் கிளப்பும். ரத்ததான முகாம்களும் நின்றுபோயிருந்தன.

மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், கிழிந்து வருபவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. பரிசோதனை முடிவு வராவிட்டால் தொற்று இருப்பதாகவே எண்ணிக்கொண்டு கவச உடையில் நிற்போம். மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழாய் செருகும்போது மயக்க மருத்துவரும் ஓர் உதவியாளரும் மட்டும் உள்ளே. மற்றவர்கள் கதவுக்கு வெளியே. என்95 முகக்கவசத்துக்கு மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டால் ஆவி படிந்து தையலே மங்கும். யார் யாரென்று தெரியாததால் மார்பில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டோம்.

அவசரமில்லாதவர்களுக்கும் காத்திருக்கவே முடியாதவர்களுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் சிக்கல். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுக்கக் கீழே வர வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் மலைப்பாதை, இ-பாஸ் வேறு. முதல் சில வாரம் நாங்களும் அவரைத் தொலைபேசியில் அழைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு வாரந்தோறும் அழைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றால், "நன்றாக இருக்கிறேன் கண்ணு" என்பார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். அதனால் கேள்வியை மாற்றினேன்: ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்?

முதலில் குழாயடி மட்டும். ஜூன் கடைசியில் குழாயடி, மாரியம்மன் கோயில் படி, வீட்டுத் திண்ணைக்கு முந்தைய வளைவு. "படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறேன்" என்றார், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல. அன்றே மருத்துவரிடம் சொன்னேன். பட்டியலின் நடுவிலிருந்து அவர் பெயர் மேலே வந்தது. அடுத்த வாரம் வால்வு மாற்றினோம்.

இப்போதும் நான் அழைத்தால், கேட்பதற்கு முன்பே நின்ற இடங்களைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.