கணக்கு தலைக்குள் இருந்தால் போதாது, தம்பி

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்துகளை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன். எனக்கு 43 வயது. சுன்னாகத்தில் பதினாறு வருடமாக ஹாட்வெயார் கடை நடத்துகிறேன். மனைவி ஆசிரியை. மகனுக்கு 16, மகளுக்கு 11. 2022 பொருளாதார நெருக்கடியில் பட்ட பாட்டுக்குப் பிறகு வெளிநாடு போகும் யோசனை வந்துவிட்டது. களவாகப் போக விருப்பமில்லை, முறைப்படி முதலீட்டாளர் விசாவில் போக நினைக்கிறேன். அமெரிக்காவின் ஈ-2 விசாவில் போய் ஒரு பெற்றோல் நிலையக் கடையில் காசு போட்டால் இரண்டு வருடத்தில் கிறீன் காட், அதாவது நிரந்தர வதிவிடம், கிடைக்கும் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. என் காணி ஒன்றையும் மனைவியின் சீதன வீட்டையும் விற்கலாம். மிச்சத்துக்கு ரொறன்ரோவில் உள்ள அக்கா உதவுவா, இவ்வளவு காலமும் வங்கிக்குப் போகாமல் உண்டியல்காரர் மூலம் கைமாற்றாக அனுப்பி உதவியவதான். கடைக் கணக்குப் புத்தகம் வேண்டுமாம். என் கணக்கெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது, ஒரு சதம் பிசகாது. எவ்வளவு காசு வேண்டும்? கனடா, லண்டன் இதைவிட நல்லதா? இந்த நேரம் ஊரை விட்டுப் போவது துரோகமா?

பெயர் வேண்டாம்,
சுன்னாகம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அலுமாரி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் ஐயாவின், அதுதான் என் அப்பாவின், கடைக் கணக்குப் பேரேடு இருக்கிறது, மட்டையின் ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. அதை முற்றத்து வெயிலில் விரித்து வைத்துவிட்டு வந்து கணினியைத் திறந்தால், 'என் கணக்கெல்லாம் என் தலைக்குள்தான்' என்ற உங்கள் வரி. அதற்காகத்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் ஒரு நல்ல சட்டத்தரணியைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். துரோகம் என்ற சொல்லை விடுங்கள். மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனவர்களின் காசில் எழும்பிய கல்வீடுகள் இன்றும் நிற்கிற ஊர் இது, போகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்க இங்கே ஒருவருக்கும் தகுதி இல்லை. கனடாவின் மத்திய அரசு தன் முதலீட்டாளர் திட்டத்தை 2014 இலேயே மூடிவிட்டது. பிரித்தானியா இருபது இலட்சம் பவுண் முதலீட்டு விசாவை 2022 பெப்ரவரியில் நிறுத்தியது, அவுஸ்திரேலியா 188 என்ற முதலீட்டு விசாவை 2024 ஜூலையோடு நிறுத்தியது. காசைக் காட்டினால் கதவு திறக்கும் என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

அந்த ஏஜென்சிக்காரர் சொன்ன இரண்டு வருடக் கதை பொய். எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அரைகுறை உண்மையில் செய்த பொய் அது. இலங்கைக் குடிமக்களுக்கு ஈ-2 விசா உண்டு, அது சரி. அந்த விசாவில் உள்ளே விடும்போது இரண்டு வருடம் தங்க அனுமதிப்பார்கள், கடை உண்மையாக நடந்தால் திரும்பத் திரும்ப நீடிக்கலாம். அந்த இரண்டு வருடத்தைத்தான் அவர் கிறீன் காட் ஆக்கியிருக்கிறார். ஈ-2 தானாக நிரந்தர வதிவிடமாக மாறாது. கடை படுத்தால் விசாவும் படுத்துவிடும். பிள்ளைகள் 21 வயது வரைதான் உங்கள் விசாவுக்குள் இருக்கலாம். உங்கள் மகனுக்கு இப்போதே 16. எல்லாம் முடிந்து நீங்கள் போய்ச் சேரும்போது அவனுக்கு மூன்று, நாலு வருடம்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு அவன் தனக்கென்று மாணவர் விசாவோ வேறொன்றோ எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் முற்பணம் கேட்கிற மனிதரிடம் உங்கள் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு காசு என்று கேட்டீர்கள். சட்டம் ஒரு தொகை சொல்லவில்லை. வாங்குகிற தொழிலின் பெறுமதியோடு பார்க்கக் கணிசமான பங்காக இருக்க வேண்டும், குறைந்தது அரைவாசி உங்களுடையதாக இருக்க வேண்டும், நடத்துவதும் நீங்களாகவே இருக்க வேண்டும். காசைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியாது. உங்கள் குடும்பம் சாப்பிட மட்டும் காணுகிற கடையாகவும் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கை டொலரில் போடுங்கள். 2022 தொடக்கத்தில் இரண்டு கோடி ரூபா என்பது ஒரு இலட்சம் டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் அதே இரண்டு கோடி ஏறத்தாழ 66,700 டொலர்தான். நாட்டுக்கு வெளியே சட்டப்படி கொண்டுபோகக்கூடிய காசுக்கும் வரம்பு உண்டு, அந்த வரம்பு அரச வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுகிறது. ஆகவே முதலில் வங்கியில் போய்க் கேளுங்கள், அதற்குப் பிறகு காணிக்கு விலை பேசுங்கள்.

சரி, இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். விசாவுக்காக ஆட்கள் கொண்டுவரும் காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பதுதான் என் சீவியம். ஒருநாள் ஒருவர் தன் காணியை விற்ற உறுதியோடு வந்தார். எழுதியிருந்த விலை 35 இலட்சம். வங்கிக்கு வந்த காசும் 35 இலட்சம். அவர் கையில் இருந்ததோ ஒரு கோடியே நாற்பது இலட்சம். கேட்டேன். 'அது உறுதிக்குப் போட்ட விலை, அக்கா' என்றார், எல்லாரும் செய்கிறதுதானே என்ற முகத்தோடு. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று வீதம், அதற்கு மேலே நாலு வீதம். ஒரு கோடி ஐந்து இலட்சத்தை ஒளித்ததில் மிச்சம் பிடித்தது 4 இலட்சத்து 20 ஆயிரம். அதுவும் வாங்கினவருக்கு. இவருக்கு மிஞ்சினது ஒரு உரப்பையில் கட்டிய காசு, எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல ஒரு துண்டுக் கடுதாசி இல்லாத காசு. முதலீட்டு விசாவில் அதிகாரி கேட்கிற முதல் கேள்வியே இந்தக் காசு எப்படி வந்தது என்பதுதான். கடதாசியில் இல்லாத ஒரு சதத்தையும் என்னால் மொழிபெயர்க்க முடியாது என்று சொன்னேன். மனிதர் கொஞ்ச நேரம் கதிரையிலேயே இருந்தார். பிறகு அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது.

உங்கள் காணியையும் இப்படித்தான் குறைத்து எழுதி வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அன்று குறைத்த விலை இன்று விற்கும்போது பெரிய ஆதாயமாகத் தெரியலாம், அதற்கு மூலதன ஆதாய வரி கட்ட வரலாம். கட்டுங்கள், தம்பி. உறுதி எழுதுகிற நொத்தாரிசு வேறு யோசனை சொன்னாலும் உள்ள விலையை உறுதியில் எழுதுவியுங்கள். வாங்குகிறவர் சம்மதிக்காவிட்டால் ஆறு மாதம் பொறுத்து வேறு ஆளைப் பாருங்கள். அக்கா இதுவரை உண்டியலில் அனுப்பிய காசை மறந்துவிடுங்கள், அதற்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. இனி அவ தருவதை வங்கியால் அனுப்பட்டும், திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று ஒரு கடிதமும், அந்தக் காசு அவவுக்கு எப்படி வந்தது என்று காட்ட அவவுடைய வங்கிக் கூற்றுகளும் சேர்த்து.

தலைக்குள் இருக்கிற கணக்கு என்று எழுதினீர்களே. எங்கள் ஐயா புங்குடுதீவிலிருந்து பதினாலு வயதில் மாத்தறைக்குப் போனவர். அவருடைய மாமாவுக்கு அங்கே சுருட்டுக்கடை. எங்கள் ஆட்கள் சிங்கள ஊர்களுக்குப் போய்ச் சுருட்டுக்கடை வைத்துப் பிழைத்த காலம், அவர்களும் முன்பின் தெரியாத பாஷையில் தொழில் செய்யப் போனவர்கள்தான், நீங்கள் இப்போது போக நினைக்கிற மாதிரி. முதல் வருடம் கடை கூட்டினார், சுருட்டு எண்ணிக் கட்டினார். மூன்றாம் வருடம்தான் காசு லாச்சியில் கைவைக்க விட்டார்களாம். இரவில் கடை பூட்டினதும் அன்றைய விற்பனையை வாயால் ஒப்புவிக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். ஒருநாள் ஐயா, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஏன் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாமா சொன்னாராம்: 'நாளைக்கு நீ காய்ச்சலில படுத்தால் உன்ர தலையைத் திறந்தா நான் பார்க்கிறது?'

1983 ஆடிக் கலவரத்தில் ஐயாவின் கடையை எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவு அவரை வைத்திருந்தது. கொழும்பில் முகாமில் இருந்து, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். எனக்கு அப்போது பதினாலு வயது. தாடி வளர்ந்து வேறு யாரோ போல வந்து நின்றவரின் கையில் ஒரு சாரப் பொட்டலம். அம்மா உடுப்பு என்று நினைத்து வாங்கி அவிழ்த்தா. உள்ளே பேரேடு.

அதில், அவருக்குச் சுருட்டுச் சுற்றிக் கொடுத்த ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு பக்கம், ஒருபக்கம் வரவு, மறுபக்கம் பற்று. பதினொரு கொட்டில்களுக்கு அவர் காசு கொடுக்க வேண்டியிருந்தது. கடை எரிந்த மனிதனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர் சைக்கிளில் ஒவ்வொரு கொட்டிலாகப் போய்ப் பக்கத்தைத் திறந்து காட்டி, உங்களுக்கு இவ்வளவு, மெதுவாகத் தருவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். யாழ்ப்பாணம் பெரியகடையில் இன்னொருவரின் கடையில் சம்பளத்துக்கு நின்றார். கொடுத்துமுடித்த ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் நீலப் பென்சிலால் ஒரு கோடு. கடைசிக் கோடு 1989 இல், 184 ரூபா 50 சதத்துக்கு. ஆனால் அதற்கு முன்பே, 1985 இல், கையில் முதல் என்று ஒரு ரூபா இல்லாமல் அவர் திரும்பக் கடை போட்டார், ஏனென்றால் அந்தப் பக்கங்களைப் பார்த்த கொட்டில்காரர்களே கடனுக்குச் சரக்குக் கொடுத்தார்கள். இன்று வெயிலில் அந்த நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மங்கவே இல்லை.

உங்கள் பதினாறு வருட உழைப்பு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். சீமெந்து மூடையில் கைவைத்தே எடை சொல்வீர்கள், எந்த மேசனுக்கு எவ்வளவு கடன் என்று நித்திரையிலும் சொல்வீர்கள். ஆனால் கொழும்பில் அமெரிக்கத் தூதரகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரிக்கு நீங்கள் ஒரு கடைக்காரர் என்பதற்கு என்ன அடையாளம்? வருமான வரி கட்டினீர்களா? அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே. கட்டாவிட்டால் அவர் கண்ணில் நீங்கள் பதினாறு வருடம் சும்மா இருந்தவர். கோபிக்காதீர்கள், நான் உறைப்பாகச் சொல்லாவிட்டால் நீங்கள் செய்ய மாட்டீர்கள். இன்றைக்கே ஒரு பெரிய கொப்பி வாங்குங்கள். ஒரு கணக்காளரைப் பிடித்துக் குறைந்தது மூன்று வருடக் கணக்கை ஒழுங்காக்குங்கள், வரியில் பிந்தியிருந்தால் தண்டத்தோடு கட்டுங்கள். விசா கிடைக்காமல் போனாலும் அந்தக் கணக்கைக் காட்டி வங்கியில் கடன் எடுத்துச் சுன்னாகத்திலேயே கடையைப் பெருப்பிக்கலாம்.

வாங்கப்போகிற கடைக்கும் இதே கேள்விதான். அந்தப் பெற்றோல் நிலையக்காரரின் மூன்று வருட வரிப் படிவங்களைக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். நிலம் அவருடையதா, வாடகையா, வாடகை என்றால் எத்தனை வருடம் மிச்சம், நிலச்சொந்தக்காரர் உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பாரா? நிலத்துக்கடியில் இருக்கிற எண்ணெய்த் தாங்கி எத்தனை வருடப் பழசு? அது ஒழுகி மண் கெட்டிருந்தால் துப்புரவாக்குகிற செலவு உங்கள் தலையில் விழலாம். விசா கிடைத்தால்தான் காசு விற்பவரின் கைக்குப் போகும் என்ற நிபந்தனையோடு மூன்றாம் ஆளிடம் காசை வைத்து ஒப்பந்தம் எழுத அவர்கள் சட்டத்தில் இடமிருக்கிறது, அப்படி எழுதுவியுங்கள். முடிந்தால் அதற்கு முதல் வருகை விசா எடுத்துப் போய் ஒரு மாதம் அந்தக் கடையில் இருந்து பாருங்கள். காலை எத்தனை பேர் வருகிறார்கள், இரவு பதினொரு மணிக்கு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பார்க்கலாம், பேசலாம், ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நிற்கக்கூடாது, வருகை விசாவில் வேலை செய்தால் எல்லாம் அதோடு முடிந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைக் கடைசியில் எழுதினாலும் கடிதத்தை வாசித்ததிலிருந்து மனதில் கிடக்கிறது. மனைவியின் சீதன வீட்டை விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் போட்ட காலத்திலிருந்து சீதனம் பெண்ணின் சொத்து. விற்க உங்கள் சம்மதம் வேண்டும், ஆனால் விற்பது அவ. இவ்வளவு நீளமான கடிதத்தில் அவ என்ன நினைக்கிறா என்று ஒரு வரி இல்லை. அந்த வீட்டை அவவின் தகப்பன் எப்படிக் கட்டினார் என்று உங்களுக்குத் தெரியுமா, கேட்டிருக்கிறீர்களா? அவ வேலையை விட வேண்டும், ஓய்வூதியத்தை விட வேண்டும், அங்கே வேலை செய்ய அனுமதி இருந்தாலும் அவவின் படிப்புக்கு ஏற்ற வேலை உடனே கிடைக்காது. மகனிடமும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கொப்பி போடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து உறுதிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். மொழிபெயர்ப்புக்குக் காசு வேண்டாம். வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் அவவோடும் கதைக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா