இத்தாலியில் பிறந்தாலே இத்தாலியக் குடியுரிமை கிடைத்துவிடுமா?

கிடைக்காது. 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை பொதுவாக வெளிநாட்டவரே. பிறந்தது முதல் 18 வயது வரை இடைவெளியின்றிச் சட்டப்படி வசித்திருந்தால், 19-ஆவது பிறந்தநாளுக்குள் நகராட்சியில் நேரில் அறிவிப்புக் கொடுத்துப் பெறலாம். கட்டணம் 250 யூரோ.

'இடைவெளியின்றி' என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோர் வீடு மாறியபோது வசிப்போர் பதிவேட்டில் சில மாதம் பெயர் விடுபட்டிருக்கும். அதைக் காட்டியே மறுத்தார்கள். 2013-இல் வந்த திருத்தம் பெற்றோரோ அலுவலகமோ செய்த தவறைப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது என்கிறது. தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள் போன்றவற்றால் அந்த மாதங்களை நிரூபிக்கலாம். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். 18 வயது ஆவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் நகராட்சி இந்த உரிமையைத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் 19 தாண்டியும் உரிமை போகாது.

நகராட்சி தெரிவித்தும் கெடுவைத் தவறவிட்டால் வழக்கமான வழிதான்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டவர் என்றால் 10 ஆண்டு வசிப்பு, 3 ஆண்டு வருமானச் சான்று, அதன் பிறகும் அரசின் விருப்பம். அந்த 10-ஐ 5 ஆக்கக் கோரிய 2025 ஜூன் வாக்கெடுப்பு, பாதிப் பேர்கூட வாக்களிக்காததால் செல்லாமல் போனது. இத்தாலியில் கால் வைக்காத கொள்ளுப்பேரன்கள்கூட அந்த ஆண்டு வரை வம்சாவளியைக் காட்டியே பாஸ்போர்ட் வாங்க முடிந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இத்தனை நிபந்தனை, அவர்களுக்கு வம்சாவளி மட்டும் போதும் என்றிருந்தது அப்பட்டமான பாகுபாடு.